காளான் உலாவும் பெயர் நிர்ணயமும்

இலையுதிர்காலத்து மழை ஓய்ந்த விடுமுறை நாளொன்றில், கூடையும் பூதக்கண்ணாடியும் சிறுகத்தியும் ஏந்திய பத்திருபது பேர், அனுபவசாலியான ஒருவரின் பின்னே வனத்தினுள் நடந்து, கண்ணில் தென்படும் காளான்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துப் பெயர் நிர்ணயம் செய்வது இங்கிலாந்தில் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கம். ஹெரிபோர்டு நகரத்து உல்ஹோப் இயற்கையாளர் கழகத்தார் 1868-இல் தொடங்கிவைத்த இவ்வுலாவை, 1896-இல் தோன்றிய பிரிட்டிஷ் பூஞ்சையியல் சங்கமும் தன் முக்கியப் பணிகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. கண்ணுக்கும் புத்திக்கும் பயிற்சி என்ற வகையில் இதனினும் மேலான ஒன்றை நான் அறியேன். ஆனால் அதே உலா அடுப்பங்கரைக்கு வழிகாட்டியாக மாறும்போது, அதன் பிரமாணம் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதை நிதானித்து ஆராய வேண்டியிருக்கிறது.

பார்த்த மாத்திரத்தில் காளானை அறிந்துவிடலாம் என்று எண்ணி வருகிறவன், சிறிது நேரத்திலேயே அவ்வெண்ணத்தைக் கைவிட்டு, குடையின் நிறத்தோடு நில்லாமல், அதன் அடியிலுள்ள தகடுகள் தண்டோடு ஒட்டியிருக்கின்றனவா விலகியிருக்கின்றனவா, தண்டில் வளையம் உண்டா, மண்ணில் புதைந்த அடிப்பாகம் பை போன்ற உறைக்குள் அடங்கியிருக்கிறதா, அறுத்த இடம் நீலம் பாய்கிறதா, பால் கசிகிறதா, முகர்ந்தால் பச்சை உருளைக்கிழங்கின் வாடையா மாவின் வாடையா என்றெல்லாம் கண்ணையும் கையையும் மூக்கையும் ஒருங்கே செலுத்தி விசாரிக்கக் கற்றுக்கொள்கிறான். குடையை மட்டும் அறுத்து வெள்ளைத்தாளின்மேல் கவிழ்த்து ஓர் இரவு மூடிவைத்தால், உதிர்ந்த வித்துத்தூள் வெண்மை, இளஞ்சிவப்பு, துருநிறம், கருமை என்று தன் வகையைத் தெரிவித்துவிடும். ஸ்வீடன் தேசத்து எலியாஸ் ஃபிரீஸ் 1821 முதல் வெளியிட்ட பெருநூலில் காளான்களை வகுத்ததற்கு இந்நிறமே முக்கிய ஆதாரமாயிற்று.

இவை எல்லாவற்றிலும் சிறந்தது, காளானைக் கண்டவுடன் அருகிலுள்ள மரத்தை நோக்கும் பழக்கம். வெண்புள்ளிகளோடு கூடிய சிவப்புக் குடையான அமானிட்டா மஸ்காரியா, பிர்ச் மரத்தின் வேரோடும் பைன் மரத்தின் வேரோடும் பிணைந்து, அவற்றுக்கு மண்ணின் உப்புகளைத் தந்து சர்க்கரையைப் பெற்று வாழ்வது. நம் நீலகிரியில் அயல்நாட்டுப் பைன்களை நட்ட இடங்களில் அது தலைகாட்டுவதும் இந்த உறவினால்தான். ஒரு காளானின் பெயரைத் தேடப் புகுந்தவன் வனம் முழுவதன் ஜீவிதத்தையும் படிக்க நேர்கிறது.

குறைகளுக்கு வருவோம். லட்சணங்கள் யாவும் நிலையானவை அல்ல. மழை வெண்புள்ளிகளைக் கழுவிவிடும், வளையம் உதிர்ந்துபோகும், இளம்பருவத்து அமானிட்டா முட்டை வடிவில் மூடிக்கிடந்து, உண்ணத்தக்க உருண்டைக் காளானைப்போலவே தோன்றும். கார்ட்டினேரியஸ் வகைகளுள் பலவற்றை நுண்பெருக்கியின்றி எவராலும் பிரித்தறிய முடியாது. ஆயினும் சூழ்ந்து நிற்பவர்கள் பெயரை எதிர்பார்க்கும்போது, தலைவருக்கு ஏதேனும் ஒரு பெயரைச் சொல்லிவிடத் தோன்றுகிறது. சாயலால் எழுந்த அனுமானம் பிரத்தியட்சத்தின் மதிப்பைப் பெற்றுவிடுகிறது. வாடையும் அடிப்பாகமும் வித்துத்தூளும் இல்லாத புகைப்படத்தை வைத்துப் பெயர் சொல்லும் இக்காலத்து வழக்கம் இக்குறையை மேலும் வளர்த்திருக்கிறது.

பெயர் சரியாகவே இருந்தாலும் ஆபத்து நீங்கிவிடுவதில்லை என்பது இதனினும் ஆழமான சங்கடம். பாக்ஸில்லஸ் இன்வொலூட்டஸ் என்ற பழுப்புக் காளான் மத்திய, கிழக்கு ஐரோப்பாவில் தலைமுறைகளாக உண்ணப்பட்டுவந்தது. ஜெர்மனியின் பூஞ்சையியல் அறிஞர் ஜூலியஸ் ஷேஃபர் அதை உண்டு 1944-இல் மரணமடைந்தார். அவர் அறியாமையால் மாண்டவர் அல்லர். அக்காளானைப் பற்றி அன்றைய உலகம் கொண்டிருந்த அறிவே பூரணமாகவில்லை. பலமுறை தீங்கின்றி உண்டவரிலும் சிலருடைய உடல் தன் இரத்த அணுக்களையே அழிக்கத் தொடங்கும் என்பது பிற்பாடு தெளிவாயிற்று. ஆங்கிலேயர் மரணத்தொப்பி என்றழைக்கும் அமானிட்டா ஃபலாய்டீஸின் நஞ்சோ சமைப்பதால் அழியாது. பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரத்துக்குப் பின்னரே வாந்தியும் பேதியும் தோன்றும். பின் ஒருநாள் குணமானதுபோல் போக்குக் காட்டும். அதற்குள் ஈரல் சிதைந்துகொண்டிருக்கும். வெள்ளிக்கரண்டி கறுக்காவிடில் நஞ்சில்லை, நத்தை தின்றதை மனிதனும் தின்னலாம் என்னும் நாட்டுப்புறச் சோதனைகள் இந்த நஞ்சின் முன் முற்றிலும் பொய்யானவை.

பறிப்பதனால் வனத்துக்குக் கேடென்று சொல்வோரும் உளர். லண்டனை அடுத்த எப்பிங் வனத்தில் பறிப்பதே தடைசெய்யப்பட்டுள்ளது. சுவிட்சர்லாந்தில் 29 ஆண்டுகள் நீடித்த ஆராய்ச்சியொன்று, பறித்தல் பின்வரும் விளைச்சலைக் குறைப்பதில்லை என்றும், மனிதர் காலடியில் நிலம் மிதிபடுவதே காளான்களின் தொகையைக் குறைக்கிறதென்றும் கண்டது. ஆதலின், ஆராய்ச்சிக்கென ஒன்றை எடுப்பதைக் குற்றமாகக் கருதாமல், உலாவில் வருவோரின் எண்ணிக்கையைச் சுருக்குவதே நியாயமென்று கருதுகிறேன்.

உலாவை நடத்துவோரிடம் என் வேண்டுகோள் இதுதான்: பெயர் தெரியாத காளானைத் தெரியாதென்றே குறிப்பேட்டில் எழுதுங்கள், தெரிந்ததற்கும் மரம், மண், வித்துநிறம் மூன்றையும் சேர்த்து எழுதுங்கள், ஒருநாள் உலாவில் கற்ற அறிவைக்கொண்டு எந்தக் காளானையும் சமையலுக்கு எடுத்துச்செல்ல எவரையும் அனுமதிக்காதீர்கள்.