மடித்தாலும் மாறாத வடிவம்

தாராபுரத்தின் எந்த ஜெராக்ஸ் கடையிலும் கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கும் ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர், நீளம் 297. இருநூறு, முந்நூறு என்று முழுசாக வைத்திருக்கலாமே என்று தோன்றும். ஒரு தாளை எடுத்து, அதன் மேல் விளிம்பு இடப்பக்க நீள விளிம்போடு பொருந்தும்படி குறுக்காக மடித்துப் பாருங்கள். சாய்வாக விழும் மடிப்புக்கோட்டின் மேல் இன்னொரு தாளின் நீள விளிம்பை வையுங்கள். இரண்டும் ஒரே அளவு! கணக்குப்படி உள்ள வேறுபாடு 0.02 மில்லிமீட்டருக்கும் குறைவு. தாளின் தடிமனே அதைவிடப் பல மடங்கு.

அந்த மடிப்பு, 210 மில்லிமீட்டர் சதுரத்தின் மூலைவிட்டம். பக்கத்துக்கும் மூலைவிட்டத்துக்கும் உள்ள விகிதம் 1-க்கு √2. எந்தப் பின்னத்திலும் அடங்காத இந்த எண்ணுக்குத் தாளில் என்ன வேலை? பாதியாக வெட்டினாலும் வடிவம் மாறாத செவ்வகம் இந்த விகிதத்தில் மட்டுமே அமையும். எட்டரைக்குப் பதினான்கு அங்குல லீகல் தாளைப் பாதியாக்கினால் குட்டையான வேறொரு வடிவம்தான் வரும். உச்ச நீதிமன்றமே லீகல் தாளை விட்டு 2020 ஏப்ரல் முதல் ஏ4-க்கு மாறிவிட்டது. ஏ4-இன் இரு மடங்கான ஏ3 தாளில் உள்ள வரைபடத்தைக் கொடுத்தால், ஜெராக்ஸ்காரர் 71 சதவீதம் என்று அழுத்துகிறார். ஓரம் வெட்டுப்படாமல், வெற்றிடம் மிஞ்சாமல், படம் ஏ4-இல் வந்து உட்காருகிறது.

ஜெர்மனியின் கோட்டிங்கன் பேராசிரியர் லிக்டன்பெர்க் 1786 அக்டோபர் 25-ஆம் தேதிக் கடிதத்தில் இந்த விகிதத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அல்ஜீப்ரா படித்த மாணவருக்கு இதைக் கணக்காகக் கொடுத்தாராம். விடைப்படி தாளை வெட்டலாம் என்று பார்த்தால், கையிலிருந்த சாதாரண எழுதுதாளே அந்த விகிதத்தில் இருந்ததாம். அவருடைய மகிழ்ச்சி அந்த வரிகளில் தெரிகிறது.

1922-இல் வால்டர் போர்ஸ்ட்மன் இந்த விகிதத்தை ஜெர்மனியின் தரமாக்கியபோது இரண்டாவது நிபந்தனையும் சேர்ந்தது: மிகப்பெரிய ஏ0 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டர். 841-ஐ 1189-ஆல் பெருக்கினால் 9,99,949 சதுர மில்லிமீட்டர். பத்து லட்சத்துக்கு 51தான் குறை, சுண்டுவிரல் நகத்தளவு. ஏ0-ஐ நான்கு முறை பாதியாக்கினால் ஏ4, பதினாறில் ஒரு பங்கு. ஆகவே 80 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள ஏ4 தாள் ஒன்று 5 கிராம். ஐந்நூறு தாள் ரீம் இரண்டரைக் கிலோ. தராசே வேண்டாம்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போய்வரும் நம்மூர்க்காரர்களுக்கு ஜி.எஸ்.எம். புதிதல்ல. துணியில் 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் வெட்டி, எடையை நூறால் பெருக்குவார்கள். அதே துணியை ஏ4 அளவுக்கு வெட்டிப் பதினாறால் பெருக்கினாலும் அதே விடைதான். 180 ஜி.எஸ்.எம். துணியில் வட்டம் 1.8 கிராம், ஏ4 துண்டு 11.25 கிராம்.

பாதியிலும் அதே வடிவம், பெரிய தாள் ஒரு சதுர மீட்டர். இந்த இரண்டையும் சொல்லிவிட்டால் 210-உம் 297-உம் தாமாகவே வந்து நிற்கின்றன, யாரும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. யாருடைய விருப்பத்துக்கும் இடம் வைக்காத அந்தக் கண்டிப்புதான் இந்தத் தாளின் அழகு.