டோட்டோ-சான்: சிரிப்பு யாரைப் பார்த்து?



'இந்நூலில் நகைச்சுவை உணர்வு மிளிர்கிறது.' திறனாய்வுக் கேள்விக்குப் பலர் இந்த ஒரு வரியோடு முடிச்சிடுறாங்க. எங்கே சிரிப்பு வருகிறது? யாரைப் பார்த்து? எதனால்? இதைச் சொன்னால்தான் அது திறனாய்வு. பழகிப் பார்க்க நல்ல நூல் ஒன்று உண்டு: 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி'. தெத்சுகோ குரோயாநாகி தம் தொடக்கப்பள்ளி நாள்களைச் சொல்லும் இந்த ஜப்பானிய நூல் 1981-இல் வெளிவந்தது. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டுள்ளது.

முதல் பள்ளியில் டோட்டோ-சான் மேசை மூடியைத் திறந்து திறந்து மூடுகிறாள். பொருளை எடுக்கவோ வைக்கவோ மட்டும்தான் திறக்கலாம் என்கிறார் ஆசிரியை. சரி என்று அவளும் ஓயாமல் எதையாவது எடுக்கிறாள், வைக்கிறாள்! விதியை அவள் மீறவே இல்லை பாருங்க. சிரிப்பு அங்கேதான் பிறக்கிறது. ஆனால் முடிவு சிரிப்பல்ல. முதலாம் வகுப்பிலேயே பள்ளியை விட்டு அனுப்பிவிடுகிறார்கள். அம்மா அதை மகளுக்கு இருபது வயதாகும்வரை சொல்லவில்லை.

அடுத்து தோமோயே பள்ளி. பழைய ரயில் பெட்டிகள்தான் வகுப்பறை. கழிவறைக் குழியில் விழுந்த பணப்பையைத் தேடி, நீளக் காம்புள்ள அகப்பையால் கழிவையெல்லாம் வெளியே அள்ளிக் குவிக்கிறாள். அந்தப் பக்கம் வந்த தலைமையாசிரியர் கோபாயாஷி, முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்பப் போட்டுவிடுவாயா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார். பை கிடைக்கவில்லை. ஆனாலும் அள்ளியதை அவளே திரும்பப் போடுகிறாள்.

சுங்கை சோவில் நாலாம் ஆண்டு வகுப்பில் இதை வாசித்தேன். முதலில் ஒரே சிரிப்பு. அப்புறம் ஒரு பையன் மெல்லக் கேட்டான்: "தலைமையாசிரியர் ஏசலையா, சார்?" நூலின் மையத்தை அவன் தொட்டுவிட்டான். ஏச்சு விழும் என்று நாம் காத்திருக்கிறோம், விழவில்லை. அந்த ஏமாற்றம்தான் நகைச்சுவை. பொறுப்பைச் சிறுமியிடமே விட்ட நம்பிக்கைதான் அதன் பொருள்.

ஓவியங்களையும் கவனியுங்கள். வரைந்த சிஹிரோ இவாசாகி 1974-இலேயே காலமானவர். நூலுக்காக வரைந்தவை அல்ல, அவருடைய படங்களிலிருந்து தேர்ந்தெடுத்தவை. படத்துக் குழந்தைகள் அமைதியாக இருக்கிறார்கள், சொற்கள் குறும்பு செய்கின்றன. இந்த முரண் நூலுக்கு அழகு.

குறை இல்லையா? உண்டு. முதல் பள்ளி ஆசிரியையை அவருடைய புகார் வழியாக மட்டுமே பார்க்கிறோம். நிறைந்த வகுப்பை அவர் எப்படிச் சமாளித்தார் என்பதை நூல் சொல்லவில்லை. வகுப்பு நடத்துகிற நமக்கு அது உறுத்தும். விடையில் துணிந்து எழுதுங்கள். சான்று காட்டிச் சொல்லும் குறையும் திறனாய்வுதான்.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல். தோமோயேயில் மொத்தமே ஏறக்குறைய ஐம்பது பிள்ளைகள். கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர் வட்டாரத் தோட்டப் பள்ளிகளில் 'பிள்ளைகள் குறைவு' என்று வருந்துகிறோம். குறைவாக இருக்கும்போதுதான் ஒவ்வொருவர் பேச்சையும் கேட்க முடியும். கோபாயாஷி முதல் நாளிலேயே டோட்டோ-சான் பேசுவதை நான்கு மணி நேரம் கேட்டார். நம்மால் நான்கு நிமிடமாவது முடியாதா?

பயிற்சி: பணப்பை நிகழ்ச்சியில் நகைச்சுவை எதனால் பிறக்கிறது? இரண்டு சான்றுகளுடன் விளக்குக.