நஞ்சேறிய ஏரியும் திருந்திய தந்தையும்: ‘மஜிக் இன் த வோட்டர்’ திரைப்படம் பற்றிய சில குறிப்புகள்

குடும்பத்தினர் அனைவருக்குமெனத் தயாரிக்கப்படும் திரைப்படங்கள் நமது விமரிசகரின் கவனத்தை அதிகம் பெற்றனவல்ல. வெறும் பொழுதுபோக்கு என அவற்றை ஒதுக்கிவிடுவதே வழக்காகியுள்ளது. ஆயினும் ஒரு சமுதாயம் தனது இளந்தலைமுறையினர்க்கு எதனைக் குற்றமென்றும் எதனைத் தீர்வென்றும் கற்பிக்கின்றது என்பதை அறிவதற்கு இத்தகைய படங்கள் மிகவும் பயன்படுவன. 1995ஆம் ஆண்டு வெளிவந்த, றிக் ஸ்டீவன்சன் நெறிப்படுத்திய ‘மஜிக் இன் த வோட்டர்’ எனும் படத்தை நாம் இக்கண்ணோட்டத்திலேயே அணுக விரும்புகிறோம்.

கதை எளிமையானது. மணமுறிவுற்ற வானொலி உளவியலாளன் ஒருவன் (மார்க் ஹார்மன்) தனது மகனையும் மகளையும் கனடாவின் பிரித்தானிய கொலம்பியாவிலுள்ள ஓர் ஏரிக்கரைக்கு விடுமுறைக்கு அழைத்துச் செல்கிறான். ஊரார்க்கெல்லாம் அறிவுரை வழங்கும் அவனுக்குத் தன் பிள்ளைகளுடன் பேச நேரமில்லை. ஏரியில் ‘ஓர்க்கி’ எனும் விலங்கு வாழ்வதாக ஐதீகம். சிறுமி அதற்குப் பிஸ்கற்றுகளைப் படைக்கிறாள். ஓர்க்கியின் ஆவி தந்தையுட் புகுந்து அவனைக் குழந்தையுள்ளம் கொண்டவனாக்குகிறது. அதே வேளை, களவாகக் கொட்டப்படும் நச்சுக் கழிவினால் ஓர்க்கி நோயுறுகின்றது.

இப்படத்தின் சிறப்புகளை மறைத்தல் நேர்மையாகாது. பெரியோரின் அறிவுக்குப் புலப்படாத ஏரியின் நோய் சிறுமிக்குப் புலப்படுவதாக அமைத்தமை நல்ல கற்பனை. பிறரது துயரைக் கேட்பதையே தொழிலாகக் கொண்டவன் தன் வீட்டின் துயரைக் கேளாதிருக்கிறான் என்ற முரணும் முதலாளித்துவ சமூகத்தின் வாழ்க்கைமுறை பற்றிய கூர்மையான அவதானிப்பே. உழைப்பு நேரம் மனித உறவுகளை விழுங்கிவிடுவதை ஒரு சிறுவர் படம் இவ்வளவேனும் காட்டுவது மனங்கொள்ளத்தக்கது.

ஆனால் இவ்விரு இழைகளும், அதாவது தந்தையின் புறக்கணிப்பும் ஏரியின் நஞ்சும், எவ்வாறு இணைக்கப்படுகின்றன என்பதிலேயே படத்தின் கருத்துநிலை வெளிப்படுகிறது. நஞ்சு என்பது இங்கு சில தீயவர் களவாகக் கொண்டுவந்து தள்ளும் பீப்பாய்களாகவே தோன்றுகிறது. அக்கழிவை உற்பத்தி செய்த தொழில், அதனால் வந்த இலாபம், அதனை அனுமதித்த சட்டம் ஆகியன கதையின் எல்லைக்கு அப்பால் நிற்கின்றன. மாசடைதல் ஒரு களவுக் குற்றமாகச் சுருங்குகிறது. களவு அம்பலமானதும் கணக்கும் முடிந்துவிடுகிறது.

வரலாறு காட்டுவது வேறு. ஐக்கிய அமெரிக்காவின் நயாகரா போல்ஸ் நகரிலுள்ள ‘லவ் கனால்’ பகுதியில் ஹூக்கர் இரசாயனக் கம்பனி 1942 முதல் 1953 வரை ஏறத்தாழ 21,000 தொன் இரசாயனக் கழிவைப் புதைத்தது. அது களவாக நிகழ்ந்ததன்று. அக்காலத் தொழில்முறைக்கு இயைய வெளிப்படையாகவே நிகழ்ந்தது. 1953இல் அந்நிலம் கல்விச் சபைக்கு 1 டொலருக்குக் கைமாற, அங்கே பாடசாலையும் அதனைச் சூழ வீடுகளும் எழுந்தன. 1978இல் அவசரநிலை பிரகடனப்படுத்த வேண்டியதாயிற்று. ஈரி ஏரியையும் இங்கு நினைவுகூரலாம். அதனை மூச்சுத்திணறச் செய்தவற்றுள் முதன்மையானது நகரக் கழிவுநீரும் சலவைத் தூளும் கொண்டுவந்து சேர்த்த பொசுபரசு. அதனைக் கட்டுப்படுத்த 1972இல் கனடாவும் ஐக்கிய அமெரிக்காவும் உடன்படிக்கை செய்ய நேர்ந்தது. அங்கே பிடித்துக் கொடுப்பதற்கு எந்த வில்லனும் இருக்கவில்லை.

லவ் கனாலில் ஒரு குடும்பமும் உண்டு. தன் மகன் பயின்ற பாடசாலை நச்சுநிலத்தின்மேல் நிற்பதை அறிந்த லோயிஸ் கிப்ஸ் என்ற தாய், வீடுவீடாகச் சென்று அயலாரைத் திரட்டினார். பிள்ளைமீது கொண்ட அன்பு அவரை வீட்டுக்குள் இருத்தவில்லை, வீதிக்குக் கொணர்ந்தது. நமது படத்திலோ குடும்பம் உள்நோக்கித் திரும்புகிறது. தந்தை மனந்திருந்துவதே கதையின் பேறு. ஏரியின் நோய் அத்திருத்தத்திற்கான மருந்தாகப் பயன்படுகிறது. ஓர்க்கியாற் பீடிக்கப்பட்டோர் ஓர் உளவியல் மருத்துவரின் சிகிச்சைக் குழுவிற் கூடுகின்றனர் என்பதும் தற்செயலன்று. சமூகப் பிரச்சினை மனப்பிரச்சினையாக மொழிபெயர்க்கப்படும் முறைமை இதுவாகும்.

ஐதீகத்தைக் கையாளும் முறையும் ஆராயத்தக்கது. ஓர்க்கி என்ற பெயர், பிரித்தானிய கொலம்பியாவின் ஒகனாகன் ஏரியிலுள்ளதாகக் கூறப்படும் ‘ஓகோபோகோ’வை நினைவூட்டுவது. அவ்வேரியின் பூர்வகுடிகளான சியில்க்ஸ் மக்களுக்கு அது விலங்கன்று; நீரைக் காக்கும் ஆவி. ஏரியைக் கடப்போர் அதற்குக் காணிக்கை செலுத்துவர். குடியேறியோர் அதற்கு 1924இல் வெளியான ஓர் ஆங்கில வேடிக்கைப் பாடலின் பெயரைச் சூட்டி, உல்லாசப் பயணிகளுக்கான பொம்மையாக்கினர். 1956இல் அதன் பதிப்புரிமை வேர்னன் நகரசபையைச் சேர்ந்தது. பூர்வகுடியல்லாத ஒருவரின் சிறுவர் நூலுக்குச் சபை அனுமதி வழங்கியமை கண்டனத்துக்குள்ளான பின்னர், 2021இல் அவ்வுரிமை ஒகனாகன் தேச ஒன்றியத்துக்கு 1 டொலருக்கு மாற்றப்பட்டது. ஒரு மக்களின் நம்பிக்கை அறுபத்தைந்து ஆண்டுகள் ஒரு நகரசபையின் உடைமையாயிருந்தது என்பதே பண்டமாக்கலின் தன்மையை உணர்த்தப் போதுமானது. படத்திலும் பூர்வகுடி முதியவர் ஒருவர் வருகிறார். ஆனால் ஏரி யாருக்குரியது என்பது அங்கு ஒரு பிரச்சினையாகவே எழவில்லை. வந்தேறிகளின் குடும்பக் காயத்தை ஆற்றும் ஞானமே அவரிடமிருந்து எதிர்பார்க்கப்படுகிறது. சிறுமியின் பிஸ்கற்றில் அப்பழைய காணிக்கையின் சாயலைக் காண்கிறோம். அதனைச் செலுத்திய மக்களைக் காண்கிலோம்.

பொங் ஜூன்-ஹோவின் ‘த ஹோஸ்ற்’ (2006) எனும் கொரியப் படத்தை இதனோடு ஒப்புநோக்கலாம். அது சிறுவர்க்கெனத் தயாரிக்கப்பட்டதன்று என்பதை மறக்கவில்லை. ஆயினும் அதுவும் நீர்விலங்கு, நஞ்சு, குடும்பம் என்ற மூன்றையுமே கையாள்கிறது. 2000ஆம் ஆண்டில் சியோலிலுள்ள அமெரிக்கப் படைத்தளமொன்றின் பிணவறையிலிருந்து போமல்டிஹைட் வடிகாலில் ஊற்றப்பட்ட உண்மை நிகழ்ச்சியே அதன் தொடக்கக் காட்சிக்கு ஆதாரம். அங்கே நஞ்சை ஊற்றுவது ஒரு கட்டளை. கட்டளைக்குப் பின்னால் ஓர் அதிகாரம். ஆற்றங்கரையிற் சிறுகடை நடத்தும் வறிய குடும்பம் விலங்கோடு மட்டுமன்றி, இல்லாத நோயொன்றைப் பிரகடனம் செய்யும் அரசோடும் போராடுகிறது. மகளை இழந்த தந்தை, இறுதியில் அநாதைச் சிறுவன் ஒருவனுடன் உணவுண்கிறான். குருதியுறவைக் கடந்து குடும்பம் விரிகின்றது.

சிறுவர்க்கான படமொன்றிடம் இவ்வளவையும் எதிர்பார்க்கலாமா என வினவுவோர் உளர். கம்பனி, சட்டம், நிலவுரிமை என்பவை குழந்தைக்கு விளங்கா எனக் கூறுவது குழந்தையைக் குறைத்து மதிப்பதாகும். ஏரி ஏன் நோயுற்றது என்று கேட்கத் தெரிந்த சிறுமிக்கு, அந்தப் பீப்பாய்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்கவும் தெரியும். அக்கேள்வியை அவள் வாயில் வைக்காதது கலையின் இயலாமையன்று. உற்பத்தி செய்தோரின் தெரிவு. விலங்கின்மீது பரிவு கொள்ளக் கற்பித்த அளவில் இப்படம் வரவேற்கத்தக்கதே. அப்பரிவு தந்தையின் அணைப்போடு ஓய்ந்துவிடாமல், லவ் கனால் தாய் சென்றதுபோல் அயலாரின் கதவுகளையும் தட்ட வேண்டும். அதுவரை செல்லும் ஒரு சிறுவர் படத்தையே நாம் எதிர்நோக்குகிறோம்.