பச்சைக்குள் குனிந்திருப்பவர்கள்

ஏற்காட்டில் 'லேடீஸ் சீட்' என்று ஓர் இடம் உண்டு. வெள்ளைக்காரச் சீமாட்டி ஒருத்தி மாலைதோறும் வந்து உட்கார்ந்து சூரியன் இறங்குவதைப் பார்த்த பாறை என்பது அதைப் பற்றிச் சொல்லப்படும் கதை. பக்கத்தில் ஜென்ட்ஸ் சீட்டும் சில்ட்ரன்ஸ் சீட்டும் இருக்கின்றன. அங்கே நின்றால் சேலம் சமவெளி காலடியில் விரிகிறது. இருட்டிய பின் நகரத்து விளக்குகள் தெரிகின்றன. நிலத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதற்காக ஒரு பெண் உட்கார்ந்த இடம் என்று இந்த வட்டாரத்தில் பெயர் பெற்றிருப்பது, எனக்குத் தெரிந்து, இது ஒன்றுதான். அவளும் ஆளவந்தவர்கள் வீட்டுப் பெண். சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் 1820களில் காப்பிச் செடியைக் கொண்டுவந்து வைத்த மலை இது. காப்பிப் பழம் பறித்த கூலிப் பெண்கள் உட்கார்ந்த பாறைக்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் இயற்கை அழகைக் காட்டுகிறோம் என்று கேமராவோடு கிளம்பும் நிலக்காட்சிப் படக்காரர்கள் இன்று ஏராளம். லாரி, முட்டை, மாம்பழம், இரும்பாலை என்றே வெளியூர்க்காரர்கள் அறிந்திருந்த ஊர்களுக்கு மலையும் அருவியும் பனிமூட்டமும் இருக்கின்றன என்று பார்க்க வைத்தவர்கள் அவர்கள். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை உயரத்திலிருந்து காட்டும் படமொன்று பல மாதம் என் செல்பேசியின் முகப்பில் இருந்தது. (அந்தப் படத்தில் பெண்ணை நினைவூட்டுவது எதுவும் இருந்ததென்றால், அது வளைவுகளின் பெயரில் இருந்த கொண்டை ஊசிதான்.) ஆனால் ஒரு படத்தை ரசிப்பது வேறு, நூறு படங்களை வரிசையாக வைத்துப் பார்ப்பது வேறு. வரிசையாகப் பார்த்தால் திரும்பத் திரும்ப வருவது சில இடங்கள்தான்: ஆகாய கங்கை, ஏற்காட்டு ஏரி, நாமக்கல் மலைக்கோட்டை, மேட்டூர் அணையின் பதினாறு கண் மதகு, பூலாம்பட்டியின் காவிரிப் படகுத்துறை. ஏற்காட்டை 'ஏழைகளின் ஊட்டி' என்கிறார்கள். பூலாம்பட்டி 'குட்டி கேரளா'. இங்குள்ள அழகுக்கு இன்னோர் ஊரின் பெயரை இரவல் வாங்கித்தான் அறிமுகம் செய்ய வேண்டியிருக்கிறது. நடுவில் கிடக்கும் சமவெளி, அதாவது குச்சிக்கிழங்குக் காடும் சோளக்காடும் பனைமரமும் கோழிப்பண்ணைக் கொட்டகையும், மலைக்குப் போகும் வழியாக மட்டும் இருக்கிறது. பெண்கள் இருப்பது இந்த நடுவில்தான்.

படங்களில் அவர்கள் அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. தூரத்தில், பச்சைக்கு நடுவே ஒரு சிவப்புப் புள்ளியாக, முகம் இல்லாமல், நிலத்தின் அளவு தெரிவதற்காக நிற்கிறார்கள். அல்லது தலையில் குடத்தோடு பக்கவாட்டில் ஒரு நிழலுருவாக. புள்ளி இல்லாத படம்தான் போட்டிகளில் இன்னும் 'சுத்தமான' படம்.

இந்தச் சுத்தத்துக்கு வயது அதிகம். மதராஸ் மாகாண அரசுக்காக ஒளிப்படம் எடுத்த கேப்டன் லின்னேயஸ் டிரைப், 'ராயக்கோட்டையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களும்' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு தொகுப்பை 1858இல் வெளியிட்டார். (ராயக்கோட்டை அப்போது சேலம் மாவட்டம்.) காகித நெகட்டிவில் ஒளி பதியும்வரை காத்திருக்க வேண்டிய காலம் அது, அசைகிறவர்கள் புகைபோலக் கலைந்துவிடுவார்கள். வானமும் சரியாகப் பதியாது, வெளுத்துப் போகும். டிரைப் நெகட்டிவின் மேலேயே தூரிகையால் மேகம் தீட்டினார். இல்லாத மேகத்தைக் கொண்டுவர அவருக்குப் பொறுமை இருந்தது. வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கலைந்துபோனது அவருக்கு ஒரு குறையாகத் தெரிந்ததாகப் படங்களில் அடையாளம் இல்லை. கருவியின் வரம்பு என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம். இன்றைய கேமரா நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் பதிவு செய்கிறது. அந்தச் சமாதானம் இப்போது செல்லாது.

டிரைப்புக்கு முன்னாலேயே இந்த நிலத்தை ஆளில்லாமல் பார்த்தவர்கள் உண்டு. 1792இல் திப்புவிடமிருந்து பாராமகாலும் சேலமும் கம்பெனியின் கைக்கு வந்ததும், கேப்டன் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளந்தார்கள். பின்னாளில் ரயத்துவாரி என்று பெயர் பெற்ற முறைக்கு இங்கேதான் அடித்தளம் போடப்பட்டது. அளந்த நிலத்துக்கு ஒரு ரயத்து வேண்டும். அந்த ரயத்து வீட்டின் ஆண். விதை பொறுக்கி வைத்தவளும் களை வெட்டியவளும் அந்தக் கணக்கில் வரவில்லை. ஒளிப்படம் அந்தக் கணக்கின் தங்கை என்று எனக்குத் தோன்றுகிறது. நிலம் ஒரு பரப்பு, அதற்கு ஓர் எல்லை, அதை ஒரே பார்வையில் அடக்க ஓர் உயரமான இடம். பட்டாவும் நிலக்காட்சியும் ஒரே ஆளைத்தான் விட்டுவிடுகின்றன. 1989இல் தமிழ்நாட்டுச் சட்டத்திருத்தம் மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் சம உரிமை தந்தபோதுகூட, அதற்கு முன்பே திருமணமாகிப் போனவர்களுக்கு அது பொருந்தவில்லை.

அமெரிக்கக் கலைஞர் டெபோரா பிரைட் 1985இல் எழுதிய ஒரு கட்டுரையில், நிலக்காட்சிப் படம் என்றாலே ஆணின் கண் என்று ஆனது எப்படி என்று கேட்டார். ஆன்சல் ஆடம்ஸ் போன்றவர்களின் கன்னி நிலத்தை மனதில் வைத்துக் கேட்ட கேள்வி அது. யோசெமிட்டிப் பள்ளத்தாக்கிலிருந்து பழங்குடியினரை விரட்டிய பிறகுதான் அது கன்னி நிலம் ஆனது. நம் ஊருக்கு அந்தக் கேள்வியை அப்படியே தூக்கிவர முடியாது. இங்கே நிலத்தை ஆளில்லாமல் நினைக்கும் பழக்கமே பழைய தமிழில் இல்லை. முதல், கரு, உரி என்று பிரித்தபோதும் மனிதர் இல்லாமல் திணை இல்லை. குறிஞ்சி என்றால் தினைப்புனத்தில் கிளி ஓட்டும் பெண்ணும் அதற்குள் வந்துவிடுவாள். ஆனால் பெருமையடித்துக்கொள்ள அவசரம் வேண்டாம். சங்கப் பாடல்களில் கொல்லிமலைக்குப் புகழ் சேர்த்தவை வல்வில் ஓரியின் வில்லும் கொல்லிப்பாவையும். பெண்ணின் அழகுக்கு உவமை வேண்டுமானால் புலவர்கள் அந்தப் பாவையைத்தான் தேடிப் போனார்கள். வருகிறவர்களைச் சிரித்து மயக்கிக் கொன்றுவிடும் பதுமை என்பது அவளைப் பற்றிய கதை. மலையின் அழகையும் ஆபத்தையும் சேர்த்து ஒரு பெண்ணுடலில் ஏற்றிவிட்டார்கள். 'மலையரசி', 'வெட்கப்படும் அருவி', 'பச்சைச் சேலை உடுத்திய சமவெளி' என்று இன்று படங்களுக்குத் தலைப்பு வைப்பவர்கள் இதைத்தான் தொடர்கிறார்கள். நிலம் பெண்ணாகிவிட்டால், நிலத்தில் உள்ள பெண்ணைக் காட்டத் தேவையில்லாமல் போகிறது.

கொல்லிமலையையே எடுத்துக்கொள்வோம். மலையாளிப் பழங்குடிப் பெண்கள் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்த சரிவுகளில் இப்போது குச்சிக்கிழங்கு பரவியிருக்கிறது. கீழே சேகோ ஆலைகள் கேட்கின்றன, கையில் காசு வருகிறது. படங்களில் எல்லாம் ஒரே பச்சை. சாமைப் பச்சையா கிழங்குப் பச்சையா என்று படம் சொல்லாது. அதே மலையில் இன்னொரு வகைப் படம் மிகவும் பிரபலம்: சுருக்கம் விழுந்த முகத்தோடு ஒரு பாட்டி உரலில் குத்திக்கொண்டிருப்பாள், ஓலை இடுக்கில் வெயில் விழும், கீழே 'பாரம்பரியம்' என்று எழுதியிருக்கும். சாமையைக் குத்திப் புடைத்து அரிசியாக்குவது தோள்பட்டையைத் தின்னும் வேலை. சிறுதானியம் பின்வாங்கியதற்கு அந்தச் சலிப்பும் ஒரு காரணம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலையில் சிறு அரவை இயந்திரங்களை வைத்ததும் அதனால்தான். இயந்திரத்தின் முன்னால் நிற்கும் பாட்டியை யாரும் கண்காட்சியில் மாட்டுவதில்லை. அவள் தோளுக்கு நல்லது நடந்தால் படத்துக்குக் கெடுதல் போலிருக்கிறது.

மலையிலிருந்து இறங்கினால் சேகோ ஆலைகளின் காயவைக்கும் களங்கள். சேலம் ஜவ்வரிசி 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. பார்வைக்கு இதைவிட அழகான இடத்தை இந்தச் சமவெளியில் நான் கண்டதில்லை. சிமெண்டுத் தரை முழுக்க வெள்ளை, மேலே வெயில், அந்த வெள்ளையைக் கிளறிக் கோடு போட்டுக்கொண்டே நடக்கும் பெண்கள். கோடுகள் வயல் வரப்பு மாதிரி இருக்கும். கண் கூசும், கேமராவுக்கும் கூசும். நாள் முழுக்க அந்த வெளுப்பில் நடப்பவர்களின் கண் என்ன ஆகும் என்று கேட்கத் தோன்றும் படம் ஒன்று வேண்டும். உச்சிவெயிலில்தான் அதை எடுக்க முடியும். நம் படக்காரர்கள் விடியலிலும் அந்தியிலும் மட்டுமே வேலை செய்கிறார்கள். வெயில் ஏறியதும் கேமராவைப் பையில் போட்டுவிடுகிறார்கள்.

2018இல் சென்னை–சேலம் எட்டு வழிச்சாலைக்கு நிலம் அளக்க வந்தபோது இதே காடுகள் திடீரென்று படங்களில் நிறைந்தன. எடுத்தவர்கள் பத்திரிகைக்காரர்களும் ஊர்ப் பிள்ளைகளும். அளவுக்கல்லின் முன் மண்ணில் விழுந்து அழுத பெண்களை அப்போது தமிழ்நாடு பார்த்தது. 277 கிலோமீட்டர் சாலை என்ற எண்ணுக்கு அவர்கள்தான் உடம்பு கொடுத்தார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நிலமெடுப்பை ரத்து செய்தது; 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் புதிதாக அறிவிப்பு வெளியிட்டுத் தொடரலாம் என்றது. சட்டப்படி அந்த நிலம் பட்டாக்காரருடையது. இழப்பீடு அவர் பெயருக்கு. மண்ணில் விழுந்து அழுதவர் அந்த நிலத்துக்கு யார் என்று கேட்டால், பல வீடுகளில் காகிதத்தில் பதில் கிடையாது. அழகுப் படம் எடுத்தவர்கள் பத்து வருடமாக அந்த வரப்புகளில் அந்தப் பெண்களையும் சேர்த்து எடுத்திருந்தால் ஒரு சாட்சியமாவது இருந்திருக்கும். இருந்தவை வெறும் பச்சை. வெறும் பச்சையின் வழியாகச் சாலை போடுவது சுலபம்.

பெண்கள் கேமரா எடுத்தால் எல்லாம் மாறிவிடுமா? முதலில் எடுக்க விட வேண்டுமே. அதிகாலை நான்கு மணிக்கு பைக்கில் தனியாக மலை ஏறி, பாறையில் மூன்று மணி நேரம் ஒளிக்காகக் காத்திருப்பது இந்தக் கலையின் அடிப்படைப் பயிற்சி. ஒரு பெண் அப்படிக் காத்திருந்தால் அவளை யார் யார் வந்து விசாரிப்பார்கள் என்று சேலத்துப் பெண்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மறுபக்கம், ஆண் எடுத்ததாலேயே குருடாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பி. சாய்நாத் 1993 முதல் 2002 வரை பத்து மாநிலங்களில் எடுத்துக் காட்சிக்கு வைத்த படங்களின் தலைப்பே வேலை கண்ணுக்குத் தெரிகிறது, பெண் தெரியவில்லை என்பதுதான். அவற்றில் நிலம் இருக்கிறது, அழகாகவும் இருக்கிறது. ஆனால் குனிந்திருக்கும் முதுகைத் தாண்டித்தான் அந்த அழகுக்குப் போக முடியும்.

நம் படக்காரர்கள் படத்தின் கீழே லென்ஸ், ஒளித்துளை, ஷட்டர் வேகம் எல்லாவற்றையும் தவறாமல் எழுதுகிறார்கள். இன்னொரு வரி எழுத இடம் இருக்கிறது: என்ன வெள்ளாமை, யார் களை வெட்டியது, கூலி என்ன. அதற்கு வரப்பில் இறங்கிப் போய்க் கேட்க வேண்டும். கேட்கும்போது அந்த அம்மா, "என்னைப் படம் புடிக்காத சாமி" என்று முக்காட்டை இழுத்து விட்டுக்கொள்ளலாம். அப்படிச் சொன்னால் அந்தப் படம் கிடையாது. அன்றைக்கு மலையை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.