முதுகும் மரியாதையும்

நாற்காலியைப் பற்றியும் விமரிசனம் எழுதுவார்களா என்று கேட்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. நாவலைப் பற்றி எழுதலாம், சங்கீதத்தைப் பற்றி எழுதலாம், சினிமாவைப் பற்றிக்கூட எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நாற்காலியில் எழுத என்ன இருக்கிறது என்பது அவர்கள் கட்சி. ஒரு நாவலோடு நாம் இருப்பது இரண்டு நாள். பிடிக்காவிட்டால் இருபதாம் பக்கத்தில் மூடிவிடலாம். நாற்காலியோடு தினம் எட்டு மணி, பத்து மணி நேரம் இருக்கிறோம். பிடிக்காவிட்டாலும் மறுநாள் அதே நாற்காலிதான். தரமணியில் 2000-ஆம் ஆண்டு டைடல் பார்க் திறக்கப்பட்ட பிறகு, அடையாற்றிலும் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தே ஜீவனம் நடத்துகிறவர்கள் பெருகிவிட்டார்கள். 2020-இல் கொள்ளைநோய் வந்தபோது காரியாலயமே வீட்டுக்குள் வந்து சேர்ந்தது. சாப்பாட்டு மேஜையும் அதோடு வாங்கிய நாற்காலியும் ஆபீஸ் சாமான்கள் ஆயின. மூன்றாந்தர நாவலைப் பற்றிக்கூட, இது யாருக்காக எழுதப்பட்டது என்று கேட்கிறோம். நாற்காலியைப் பற்றி அந்தக் கேள்வியை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

மயிலாப்பூரின் பழைய வீடுகளில் உட்காருவதற்கு இரண்டு ஏற்பாடுகள் இருந்தன. ஒன்று, கணக்குப் பெட்டி. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, சாய்வான மூடி போட்ட அந்தப் பெட்டியின் மேல் வைத்துக் கணக்கெழுதுவார்கள். மற்றொன்று, சாய்வு நாற்காலி. நீண்ட கைகளும், பிரம்புப் பின்னலோ முரட்டுத் துணியோ போட்ட முதுகும் கொண்டது. முதலாவது உழைப்பின் ஆசனம். இரண்டாவது ஓய்வின் ஆசனம். ஓய்வு என்று மரியாதைக்காகச் சொல்கிறேன். நம் மனத்தில் அது சோம்பலின் ஆசனம்தான். தோப்பில் முஹம்மது மீரான் தம் நாவலுக்குச் 'சாய்வு நாற்காலி' என்றே பெயர் வைத்தார்; 1997-இல் அதற்குச் சாகித்ய அக்காதெமி பரிசு கிடைத்தது. உழைக்காமல் பரம்பரைப் பெருமையில் சாய்ந்து கிடக்கிற ஒரு குடும்பத்தலைவரின் வீழ்ச்சியைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான சாமான் வேறு கிடையாது. இலக்கியத்தில் அந்தக் குறியீடு சரியானது. ஆனால் அதே குறியீட்டைக் கொண்டு பிறர் முதுகையெல்லாம் அளக்கத் தொடங்கிவிட்டோம். சாய்ந்தவன் சோம்பேறி, நிமிர்ந்தவன் உழைப்பாளி என்பது நம் பள்ளிக்கூடத்தில் அரிச்சுவடியோடு சேர்த்துச் சொல்லித் தரப்படுகிற பாடம். காரியாலயத்து மேலதிகாரியும் அதே பள்ளிக்கூடத்தில் படித்தவர்தான்.

வைத்திய சாஸ்திரம் இந்தப் பாடத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்வீடன் தேசத்து எலும்பு வைத்தியர் ஆல்ஃப் நாகெம்சன் 1960-களில், முதுகெலும்புகளுக்கு இடையே இருக்கும் வட்டுக்குள் ஊசியைச் செலுத்தி, அங்குள்ள அழுத்தத்தை அளந்து பார்த்தார். முதுகுக்குப் பிடிமானம் இல்லாமல் உட்கார்ந்திருக்கும்போது, நிற்கும்போது இருப்பதைவிட அழுத்தம் அதிகம் என்று கண்டார். 1999-இல் ஜெர்மனியில் வில்கேயும் அவருடைய குழுவினரும் மீண்டும் அளந்தபோது, உடம்பைத் தளர்த்தி நன்றாகப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தால் அழுத்தம் வெகுவாகக் குறைவது தெரிந்தது. 2006-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் இருபத்திரண்டு பேரை உட்காரவைத்துக் காந்தப் படம் எடுத்துப் பார்த்தார்கள். முன்னால் குனிந்திருப்பது, செங்குத்தாக 90 பாகையில் நிமிர்ந்திருப்பது, 135 பாகையில் பின்னால் சாய்ந்திருப்பது ஆகிய மூன்று நிலைகளில் வட்டுகளுக்கு மிகக் குறைவாகச் சிரமம் கொடுத்தது 135 பாகைதான். அது ஏறக்குறைய நம் சாய்வு நாற்காலியின் கோணம் என்று சொன்னால், மயிலாப்பூர்த் தாத்தாக்களின் ஆத்மா சாந்தி அடையும்.

இதற்காக எல்லோரும் சாய்வு நாற்காலிக்குத் திரும்பிவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. இவையெல்லாம் சின்னச் சின்னச் சோதனைகள். ஜெர்மன் சோதனை ஒரே ஒரு மனிதரை வைத்துச் செய்தது. மேலும் 135 பாகையில் சாய்ந்துகொண்டு விசைப்பலகையைத் தட்ட முடியாது. திரையைப் பார்க்கக் கழுத்தை முன்னால் நீட்ட வேண்டிவரும். முதுகு தப்பித்துக் கழுத்து மாட்டிக்கொள்ளும். சோதனைகளிலிருந்து நான் தெரிந்துகொள்வது ஒன்றுதான். செங்கோணம் வேத வாக்கு அல்ல. அதைவிட முக்கியமானது இன்னொன்று: எந்தக் கோணமானாலும் அதிலேயே உறைந்துபோவது கெடுதல். முதுகு வட்டுக்குள் ரத்தக் குழாய்கள் ஓடுவதில்லை. பாரம் ஏறி இறங்கும்போது உள்ளே போய் வெளியே வருகிற நீரோட்டமும் அதற்கு ஆகாரம் கிடைக்க உதவுகிறது. அசையாதவனின் வட்டுக்கு ஆகாரமும் சரிவரப் போய்ச் சேராது.

இனி, யாருக்காக என்ற கேள்விக்கு வருகிறேன். 1994-இல் அமெரிக்காவில் ஹெர்மன் மில்லர் கம்பெனி ஏரான் என்ற நாற்காலியை வெளியிட்டது. பில் ஸ்டம்ப், டான் சாட்விக் என்ற இருவர் அமைத்தது. பஞ்சும் தோலும் இல்லாமல் வலைத்துணியால் ஆன அந்த நாற்காலியை உலகமே நகல் செய்தது. அதன் உண்மையான விசேஷம் வலைத்துணி என்று நான் நினைக்கவில்லை. செருப்பைப் போல அது மூன்று அளவுகளில் வந்தது. மனிதர்கள் ஒரே அளவில் பிறப்பதில்லை என்று அது ஒப்புக்கொண்டது. நகல் செய்தவர்களில் பெரும்பாலோர் வலைத்துணியை எடுத்துக்கொண்டு அளவுகளை விட்டுவிட்டார்கள். நம் நாட்டிலும் அளவு எடுக்காமல் இல்லை. இந்திய உடம்புகளின் அளவுகளைத் திரட்டி, தேபகுமார் சக்கரவர்த்தி தொகுத்த புத்தகம் ஒன்றை ஆமதாபாத்து தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997-லேயே வெளியிட்டது. அந்த அளவுகள் நம் கடைத்தெரு வரைக்கும் வந்து சேர்ந்ததாகத் தெரியவில்லை.

இதன் பலனை ஐந்தடிப் பெண்மணியிடம் கேட்டால் தெரியும். நாற்காலியின் முதுகில் சாய்ந்தால் அவளுக்குக் கால் தரையில் பாவாது. கால் பாவ வேண்டுமென்று ஆசனத்தின் விளிம்புக்கு நகர்ந்தால் முதுகுக்குப் பிடிமானம் போய்விடும். இடுப்புக்குத் தாங்கல், தலைக்குத் தாங்கல் என்று காசு கொடுத்து வாங்கியதெல்லாம் அவளுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளிச் சும்மா நின்றுகொண்டிருக்கும். நல்ல நாற்காலியா என்று பார்க்க விலைச்சீட்டு உதவாது. முதுகு முழுவதும் படியும்படி உட்கார்ந்து பார்க்க வேண்டும். பாதம் இரண்டும் தரையில் பதிய வேண்டும். ஆசன விளிம்புக்கும் முழங்காலின் பின்புறத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய இடம் வேண்டும். தோளைத் தூக்காமல் கையை மடக்கினால் முழங்கை மேஜை மட்டத்துக்கு வர வேண்டும். மேஜை உயரமாக இருந்து நாற்காலியை ஏற்ற வேண்டி வந்தால், காலுக்கடியில் ஒரு மணையைப் போட்டுக்கொள்ளலாம். சாப்பாட்டுக்கு உட்காருவது நின்றுபோன வீடுகளிலும் பரணில் ஒரு மணையாவது இருக்கும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில், ஒரு கை தூரத்தில் இருப்பது நல்லது. மடிக் கம்ப்யூட்டரில் திரையும் விசைகளும் ஒட்டிப் பிறந்தவை. ஒன்று சரியான உயரத்தில் இருந்தால் மற்றது இராது. தனி விசைப்பலகை ஒன்று வாங்கிக்கொண்டு, மடிக் கம்ப்யூட்டரைப் புத்தக அடுக்கின் மேல் ஏற்றிவிடலாம். தடித்த நாவல்களாக நான்கு இருந்தால் போதும். படிக்கப்படாத நாவல்களுக்கும் ஒரு பயன் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தோஷமே.

தியாகராய நகரில் நாற்காலிக் கடை ஒன்றில் இந்தச் சோதனைகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருந்தேன். முப்பது வயது மதிக்கத்தக்க விற்பனையாளர் ஒருவர் பொறுமையாக எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். இடுப்புத் தாங்கலின் மகிமையைச் சொல்லும்போது ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றார். "நீங்களும் உட்கார்ந்தே சொல்லலாமே, தம்பி" என்றேன். சுற்றிலும் முப்பது நாற்காலிகளாவது காலியாக இருந்தன. "பரவாயில்லை சார், பழக்கமாயிடுச்சு" என்று சிரித்தார்.

அந்தப் பழக்கத்துக்காக ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது. ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் ரோட்டிலும் ஜவுளிக் கடைகளில் நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்கிற பெண்களையும் பையன்களையும் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 2010-இல் வந்த 'அங்காடித் தெரு' என்ற சினிமா அவர்களைப் பற்றியதுதான். கேரளத்தில் ஜவுளிக் கடைப் பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுப் போராடி, 2018-இல் சட்டத் திருத்தம் பெற்றார்கள். தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில், 1947-ஆம் வருஷத்துக் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தும் மசோதா சட்டசபைக்கு வந்தது. வேலைக்கு நடுவே உட்காரச் சந்தர்ப்பம் கிடைக்கும்போது ஊழியர்கள் உட்காரும்படி, ஒவ்வொரு நிறுவனமும் தகுந்த இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்று 22-அ என்ற பிரிவு அதனால் சட்டத்தில் சேர்ந்தது. ஒரு முக்காலியின் விலை என்ன? ஒரு பட்டுப்புடவை விற்றால் ஒரு தளம் முழுவதற்கும் முக்காலி போட்டுவிடலாம். விலை காரணமாக இருந்தால் சட்டம் தேவைப்பட்டிருக்காது. வாடிக்கைக்காரர் முன் உட்காருவது மரியாதை இல்லை என்ற எண்ணம்தான் காரணம். அந்த எண்ணம் முதலாளியிடம் மட்டும் இருப்பதாகச் சொல்வதற்கில்லை. நாம் கடைக்குள் நுழையும்போது அந்தப் பெண் உட்கார்ந்தபடியே "என்ன வேணும்?" என்று கேட்டால், நம்மில் எத்தனை பேருக்கு முகம் சுளிக்காது?

கடையில் நிற்கிறவளும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கிறவனும் வேறு வேறு ஜாதிக்காரர்கள் என்று நாம் நினைக்கிறோம். ஒருத்திக்கு உட்கார அனுமதி இல்லை. மற்றவனுக்கு எழுந்திருக்கச் சங்கடம். அவன் எழுந்து தாழ்வாரத்தில் நாலு எட்டு நடந்தால் வேலை இல்லாதவன் என்கிறார்கள். சில இடங்களில் விசைகள் தட்டப்படாத நிமிஷங்களைக் கம்ப்யூட்டரே கணக்கு வைக்கிறது. இரண்டு இடத்திலும் நடப்பது ஒன்றுதான். செய்த வேலையைப் பார்ப்பதற்குப் பதிலாக உடம்பு இருக்கும் நிலையைப் பார்த்து உழைப்பைத் தீர்மானிக்கிறோம்.

அமெரிக்கப் பேராசிரியை கேலன் கிரான்ஸ் 1998-இல் எழுதிய ஒரு புத்தகத்தில் நாற்காலியையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். நம்மவர்களுக்கு அது மிகவும் பிடிக்கும். பார்த்தீர்களா, தரையில் உட்கார்ந்த நம் முன்னோர் எவ்வளவு புத்திசாலிகள் என்று ஆரம்பித்துவிடுவார்கள். அவ்வளவு தூரம் போக எனக்குச் சம்மதம் இல்லை. தரையில் சம்மணமிட்டுப் பத்து மணி நேரம் அசையாமல் இருந்தால் முழங்கால் போய்விடும். கணக்குப் பெட்டிக்காரர் பேரேட்டை எடுக்க எழுந்தார், வெற்றிலை போட்டுத் துப்ப எழுந்தார், திண்ணைக்கு வந்தவரிடம் ஊர் வம்பு பேச எழுந்தார். அவர் முதுகு பிழைத்ததற்குத் தரையைவிட அந்த எழுந்திருத்தல்களுக்கே பங்கு அதிகம் என்பது என் அபிப்பிராயம். அப்படி எழுந்ததற்காக அவரை யாரும் சோம்பேறி என்று சொன்னதும் இல்லை.

ஆகவே நல்ல நாற்காலி எது என்று என்னைக் கேட்டால், உடம்புக்கு அளவாக இருந்து, சாயவும் நிமிரவும் இடம் கொடுத்து, அரை மணிக்கு ஒரு தடவை தன்னை விட்டு எழுந்து போகிறவனைத் தடுக்காத நாற்காலி என்பேன். முதல் இரண்டையும் தச்சனும் கம்பெனியும் செய்து தரலாம். மூன்றாவது அவர்கள் கையில் இல்லை. நிற்கிறவர்கள் உட்கார 2021-இல் சட்டம் செய்தோம். உட்கார்ந்திருக்கிறவர்கள் எழுந்திருக்கச் சட்டம் எதுவும் தேவைப்படக்கூடாது. மேலதிகாரிகள் நாற்காலியைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, முடிந்த வேலையைப் பார்க்கத் தொடங்கினால் போதும்.