அட்டைப் பெட்டி இலக்கியம்

விமர்சனம் என்பது நாவலுக்கும் கவிதைக்கும் மட்டுமே செய்யவேண்டிய மரியாதை என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். எனக்கு அந்த அபிப்பிராயம் இல்லை. ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லவேண்டும் என்று எழுதுகிற எதுவும் விமர்சனத்துக்கு உரியதுதான். நாவல் பிடிக்காவிட்டால் மூடிவைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். காசு கொடுத்து வாங்கிய சாமானுடன் வரும் குறிப்புப் புத்தகத்தை அப்படி மூடிவைக்க முடியாது. அது புரிந்தால்தான் சாமான் வேலை செய்யும். நாவலாசிரியன் வாசகனின் தயவை நம்பி நிற்கிறான். குறிப்புப் புத்தகம் எழுதுகிறவனின் தயவை நம்பி வாசகன் நிற்கிறான். பொறுப்பு யாருக்கு அதிகம் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

இங்கே நான் எடுத்துக்கொள்ளும் நூல், கட்டைவிரல் அளவே உள்ள ஒரு கருவியின் அட்டைப் பெட்டியும் அதற்குள் மடித்து வைத்திருக்கும் காகிதமும். கருவிக்கு யு.எஸ்.பி. வயர்லெஸ் அடாப்டர் என்று பெயர்.

கருவியைப் பற்றி எனக்குக் குறை ஒன்றும் இல்லை. வீட்டுக் கூடத்தில் இன்டர்நெட் இணைப்பும் ரூட்டரும் இருக்கின்றன. கம்ப்யூட்டரோ உள்ளறையில் இருக்கிறது, அல்லது மாடியில் இருக்கிறது. பழைய மேஜைக் கம்ப்யூட்டர்கள் பலவற்றுக்கு வைஃபை வசதி கிடையாது. சுவரைத் துளைத்துக் கம்பி இழுக்கவேண்டிய இடத்தில், இந்தச் சிறு துண்டைக் கம்ப்யூட்டரில் செருகினால் போதும். அது ரூட்டரிடம் பேசுகிறது, ரூட்டர் சொல்வதைக் கேட்கிறது, வீட்டிலுள்ள பிரிண்டரையும் மற்றக் கம்ப்யூட்டர்களையும் ஒரே குடும்பமாக்கி வைக்கிறது. 1997-ல் இந்த முறைக்கு முதன்முதலாக விதி வகுத்தபோது அதன் வேகம் நொடிக்கு 2 மெகாபிட்தான். 1999-ல் அது 11 ஆயிற்று, 2003-ல் 54, 2009-ல் 600 வரை வந்தது, 2013-ல் அதையும் தாண்டியது. இதைச் சாதித்த எஞ்சினீயர்களுக்கு என் வணக்கம். என் சண்டையெல்லாம் அவர்கள் சாதனையை நமக்கு எடுத்துச் சொல்ல வந்த எழுத்தாளரோடுதான்.

முதலில் முகப்பைப் பார்ப்போம். 'ஏசி1200' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. வாங்குகிறவர் 1200 என்பது வேகம் என்று நினைக்கிறார். அப்படி நினைக்கட்டும் என்றுதான் அத்தனை பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். உண்மை என்ன? இந்தக் கருவி இரண்டு அலைவரிசைகளில் பேசக்கூடியது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் அதன் உச்ச வேகம் 300 மெகாபிட். 5 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் 867. இரண்டையும் கூட்டினால் 1167. அதையும் கொஞ்சம் ஊதி 1200 ஆக்கிவிட்டார்கள். ஆனால் இவ்வகை அடாப்டர் ஒரு சமயத்தில் ஏதாவது ஒரு வரிசையில்தான் பேச முடியும். ஓர் ஊருக்கு ரயில் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, பஸ் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ஆகையால் எங்கள் ஊருக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரலாம் என்று ஒருவர் விளம்பரம் செய்தால் நாம் சிரிக்கமாட்டோமா? பெட்டியின் மேல் போட்டால் மட்டும் ஏன் பயபக்தியோடு வாசிக்கிறோம்?

கதை அதோடு முடியவில்லை. அந்த 867-ம் கருவியும் ரூட்டரும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வேகமே தவிர, நம் கைக்கு வந்து சேரும் வேகம் அல்ல. ஒருவர் பேசும்போது மற்றவர் வாய் மூடி இருக்கவேண்டும். பேசியது காதில் விழுந்தது என்று பதில் சொல்லவேண்டும். பக்கத்து வீட்டு ரூட்டர் ஓயும்வரை காத்திருக்கவேண்டும். இவ்வளவும் போக, நல்ல நிலைமையிலேயே பாதியோ, பாதிக்குச் சற்று அதிகமோதான் மிஞ்சும். இன்னொன்று, ஏசி1200, ஏசி1300 என்று முகப்பில் பறைசாற்றிவிட்டு, கம்ப்யூட்டரில் செருகும் முனையை யு.எஸ்.பி. 2.0 ஆக வைத்த கருவிகளும் விற்பனைக்கு வந்ததுண்டு. 2000-ல் வந்த அந்த முறையின் உச்சமே 480 மெகாபிட். அகலமான நெடுஞ்சாலை போட்டு, கடைசியில் ஒற்றையடிப் பாலம் கட்டிய கதை. பெட்டியின் பின்பக்கத்தில், பூதக்கண்ணாடி வைத்துத் தேடவேண்டிய எழுத்தில், உண்மையான வேகம் சூழ்நிலையைப் பொறுத்தது என்று ஒரு வரி இருக்கும். முகப்பில் சொன்னதைப் பின்பக்கத்தில் மறுக்கும் ஆசாமியை நாம் கதையில் படைத்தால் அவனுக்கு வில்லன் என்று பெயர் வைப்போம்.

அடுத்தபடி பெயர்கள். 'வைஃபை' என்ற சொல் 1999-ல் இன்டர்பிராண்ட் என்ற பெயர் சூட்டும் நிறுவனம் உண்டாக்கிக் கொடுத்தது. பாட்டுக் கேட்கும் கருவிகளுக்கு வழங்கிய 'ஹைஃபை' என்ற சொல்லின் எதிரொலி அது. அதற்கு விரிவு ஒன்றும் கிடையாது. கொஞ்சகாலம் 'வயர்லெஸ் ஃபிடிலிட்டி' என்று ஒரு விரிவை ஒட்டவைத்துப் பார்த்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். எனக்கு இதில் ஆட்சேபணை இல்லை. அர்த்தமில்லாத பெயர் பொய் சொல்லாது. பொய் சொல்வது அர்த்தமுள்ள பெயர்தான். ஆரம்பத்தில் இந்த இணைப்புக்குப் போட்ட பூட்டின் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். 'டபிள்யு.இ.பி.' என்ற மூன்றெழுத்தை விரித்தால், கம்பி இணைப்புக்குச் சமமான அந்தரங்கம் என்று பொருள் வரும். 2001-ல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பூட்டைத் திறக்கும் வழி அதன் அமைப்புக்குள்ளேயே இருக்கிறது என்று காட்டிவிட்டார்கள். 2003-ல் டபிள்யு.பி.ஏ. என்ற வேறு பூட்டு வந்தது, 2004-ல் அதன் இரண்டாவது அவதாரம், 2018-ல் மூன்றாவது. ஆனால் அந்த முதல் பூட்டு உடைந்து பல ஆண்டுகள் ஆன பின்பும், குறிப்புப் புத்தகங்கள் இந்தப் பெயர்களை ஒரே வரிசையில், ஏதோ ஹோட்டலில் பலகாரப் பட்டியல் போல, எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம் என்கிற பாவனையில் அச்சிட்டுக்கொண்டிருந்தன. இது உடைந்த பூட்டு, இதைப் போடாதீர்கள் என்று சொல்ல ஒரு வாக்கியம் போதாதா? வீட்டின் அந்தரங்கம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

மூன்றாவது விஷயம் எழுத்தாளன் என்ற முறையில் என்னை மிகவும் உறுத்துவது. ஒரு நாவலின் இரண்டாம் பதிப்பில் பிழை திருத்துவோம், முன்னுரை சேர்ப்போம். அட்டையும் தலைப்பும் அப்படியே இருக்க, ஆசிரியரையும் கதையையும் மாற்றிவிட்டு இரண்டாம் பதிப்பு என்று சொல்ல எந்தப் பதிப்பாளருக்கும் துணிச்சல் வராது. இந்த உலகத்தில் அது சாதாரணம். டிபி-லிங்க் கம்பெனியின் டி.எல்.-டபிள்யு.என்.722என் என்ற அடாப்டர் ஊரறிந்த உதாரணம். அதன் முதல் பதிப்புக்குள் இருந்தது அதிராஸ் கம்பெனியின் சில்லு. லினக்ஸ் இயக்கமுறையை உபயோகிக்கிறவர்கள் அதைக் கொண்டாடினார்கள். செருகியவுடன் வேலை செய்தது. அந்தச் சில்லுக்குள் ஓடும் நிரலைக்கூட 2013-ல் யாரும் படித்துப் பார்க்கலாம் என்று வெளியிட்டார்கள். இரண்டாம் பதிப்பில் அதே பெயர், அதே எண். உள்ளே ரியல்டெக் கம்பெனியின் வேறு சில்லு. அதற்கு வேறு டிரைவர் வேண்டும், குணமும் வேறு. நண்பர் சொன்னார் என்று பெயரைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போனவர் என்ன செய்வார்? பெயருக்கு ஓரமாகப் பொடியெழுத்தில் அச்சிட்ட பதிப்பு எண்ணைப் பார்க்கவேண்டும் என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? பெயர் என்பது ஒரு வாக்குறுதி. உள்ளே இருப்பது மாறினால் பெயரும் மாறவேண்டும்.

டிரைவர் என்றேனே, அதற்கும் ஒரு கதை உண்டு. கருவியோடு கம்ப்யூட்டரைப் பேசவைக்கும் நிரலுக்கு அந்தப் பெயர். நெடுங்காலம் அதை ஒரு சின்ன வட்டத்தகட்டில் பதித்துப் பெட்டிக்குள் வைத்தார்கள். கம்ப்யூட்டர்களிலிருந்து தகடு போடும் வாய் மறைந்துபோன பிறகும் தகடு வந்துகொண்டிருந்தது. தகடு உபயோகப்படாவிட்டால் எங்கள் இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள் என்று காகிதம் சொல்லும். இணையத்துக்குப் போவதற்குத்தானே ஐயா இந்தச் சாமானை வாங்கியது! திண்ணையில் நிற்பவனிடம், சாவி உள்ளே அலமாரியில் இருக்கிறது, எடுத்துத் திறந்துகொண்டு வா என்கிற உபசாரம் இது. பிற்பாடு சில கம்பெனிகள் யோசித்து, டிரைவரைக் கருவிக்குள்ளேயே வைத்தார்கள். முதல் தடவை செருகியதும் கருவி தன்னை ஒரு தகடு போலக் காட்டிக்கொள்ளும். அதிலிருந்து டிரைவரைப் போட்டுக்கொண்ட பிறகு தன் உண்மை ரூபத்தைக் காட்டும். நல்ல யோசனை, வாசகனின் வீட்டு நிலைமையை எண்ணிப்பார்த்த ஒருவருக்குத்தான் இது தோன்றியிருக்கும். லினக்ஸ் உபயோகிக்கிறவர் மட்டும், வந்திருப்பது தகடு அல்ல, அடாப்டர்தான் என்று தாமே கண்டுபிடித்து, அதை வெளியேற்றச் சொல்லிக் கட்டளை கொடுக்கவேண்டும்.

சொன்னதைவிடச் சொல்லாமல் விட்டது பெரிது. யு.எஸ்.பி. 3.0 முனைகளும் அவற்றில் செருகிய சாமான்களும் வேலை செய்யும்போது ஒருவித வானொலி இரைச்சல் எழுகிறது என்றும், அது 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் பேசும் கருவிகளைக் கெடுக்கும் என்றும் இன்டெல் கம்பெனியே 2012-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பரிகாரம் மிக எளிது. ஒரு சிறிய நீட்டிப்புக் கம்பி வாங்கி, அடாப்டரைக் கம்ப்யூட்டரின் முதுகுப்புறத்திலிருந்து விலக்கி மேஜைமேல் வைத்தால் போதும். இரும்புப் பெட்டியின் நிழலும் விலகும், இரைச்சலும் குறையும். அதைப்போலவே, 5 கிகாஹெர்ட்ஸ் வரிசை வேகமானது, ஆனால் சுவரைக் கடப்பதில் சோனி; 2.4 வரிசை மெதுவானது, ஆனால் தூரம் போகும்; மைக்ரோவேவ் அடுப்பு எரியும்போது மட்டும் அது தடுமாறும். இவை நாலே வாக்கியங்கள். நான் புரட்டிப் பார்த்த காகிதங்களில் பல பாஷைகளில் எச்சரிக்கைகள் இருந்தன; இந்த நாலு வாக்கியங்கள் ஒரு பாஷையிலும் இல்லை.

கடைசியில் எல்லாம் தவறிப்போனால் திரையில் ஒரு செய்தி வரும்: நெட்வொர்க் நிர்வாகியைத் தொடர்புகொள்ளவும். ஆபீசில் அப்படி ஒருவர் இருக்கலாம். வீட்டில் யார் நிர்வாகி? பென்ஷன் வாங்கும் தகப்பனாரா? பரீட்சைக்குப் படிக்கும் பெண்ணா? அந்தச் செய்தியை வாசிப்பவரேதான் நிர்வாகி. அது அவருக்குத் தெரியாது. 'எனக்கு இதெல்லாம் வராது' என்று சொல்லிவிட்டு, விஷயம் தெரிந்த அக்கா பிள்ளை ஞாயிற்றுக்கிழமை வரும்வரை அவர் காத்திருக்கிறார். நான் இவ்வளவு தூரம் கோபப்படுவதற்குக் காரணம் இந்த இடம்தான். முப்பது வருஷம் கணக்கு எழுதியவர், பிள்ளைகளுக்கு இலக்கணம் கற்றுக்கொடுத்தவர், தமக்கு மூளை போதாது என்ற முடிவுக்கு வருகிறார். மூளை போதாதவர் அவர் அல்ல. அவருக்காக எழுதவேண்டியவர் எழுதவில்லை, அவ்வளவுதான். மோசமான வசனம் செய்யும் பெரிய அக்கிரமம் இது: தன் குற்றத்தை வாசகன் தலையில் சுமத்திவிட்டுத் தான் தப்பித்துக்கொள்கிறது.

வியாபாரிகள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக் கம்பெனி 1200 என்று போடும்போது நாங்கள் 867 என்று போட்டால் யார் வாங்குவார்கள் என்று கேட்பார்கள். வானொலி அலையின் நடத்தை வீட்டுக்கு வீடு மாறும், எந்த எண்ணை உறுதியாகச் சொல்வது என்பார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் எல்லாரும் சேர்ந்து திருந்த முடியாது என்பது மட்டும் உண்மையல்ல. 802.11என், 802.11ஏசி என்று மந்திரம்போல் ஒலித்த பெயர்களை விட்டுவிட்டு, வைஃபை 4, வைஃபை 5, வைஃபை 6 என்று தலைமுறை எண் சொல்லி அழைப்போம் என வைஃபை அலையன்ஸ் என்ற சங்கம் 2018-ல் தீர்மானித்தது. பெரிய எண் புதியது, சிறிய எண் பழையது. எட்டு வயதுக் குழந்தைக்கும் விளங்கும். யாருடைய வியாபாரமும் அதனால் படுத்துவிடவில்லை.

அந்தப் பெட்டியின் மேல் எழுத என்னைக் கூப்பிட்டால் இப்படி எழுதுவேன்: 'ரூட்டர் இருக்கும் அறையிலேயே கம்ப்யூட்டர் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸில் இணையுங்கள், 867 என்பது உச்சம், பாதி கிடைத்தாலே நல்லது. இடையில் சுவர்கள் இருந்தால் 2.4-ஐயும் முயன்று பாருங்கள். உடன் வைத்திருக்கும் சிறு கம்பியைப் போட்டுக் கருவியைத் தள்ளி வையுங்கள். டிரைவர் கருவிக்குள்ளேயே இருக்கிறது. இது இரண்டாம் பதிப்பு. முதல் பதிப்பிலிருந்து சில்லு மாறியிருக்கிறது. வேலை செய்யாவிட்டால் குற்றம் உங்களுடையது அல்ல.'

இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் வெட்டிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் முதல் ஆறையும் ஒழுங்காக அச்சிட்டால் அதற்கு அவசியமே இராது.