ஜேன் ஆடம்ஸ் விழுங்கிய இரண்டு போர்க்கப்பல்கள்

1912 நவம்பரில் ஜேன் ஆடம்ஸ் எழுதிய இரண்டு கட்டுரைகள் இரண்டு இதழ்களில் வெளிவந்தன. ஒன்று 'மெக்ளூர்ஸ்'; வெள்ளை நடுத்தர வர்க்கம் படித்த பெரிய இதழ். மற்றொன்று டு பாய்ஸ் ஆசிரியராக இருந்த 'தி கிரைசிஸ்'. அதன் வாசகர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்கள். இரண்டும் ஒரே நிகழ்வைப் பற்றியவை. அவ்வாண்டு ஆகஸ்டில் சிகாகோவில் கூடிய முற்போக்குக் கட்சி மாநாட்டில், தியோடர் ரூஸ்வெல்ட்டை அதிபர் வேட்பாளராக அவர் ஏன் வழிமொழிந்தார் என்று விளக்குபவை. இவற்றைத் தனித்தனியாகப் படித்தால் ஆடம்ஸ் மீது மரியாதைதான் வரும். அருகருகே வைத்துப் படிக்கும்போதுதான் சிக்கல் தெரிகிறது.

அந்த மாநாட்டில் பெண்களுக்குக் கிடைத்தது கொஞ்சமல்ல. பெண்களுக்கு வாக்குரிமை, குழந்தைத் தொழிலாளர் முறைக்குத் தடை, பெண் தொழிலாளர்களுக்கு எட்டு மணி நேர வேலை, குறைந்தபட்சக் கூலி எல்லாம் கட்சியின் கொள்கை அறிக்கையில் இடம்பெற்றன. 1889இல் ஹல் ஹவுஸைத் தொடங்கி, புலம்பெயர்ந்த தொழிலாளர் குடும்பங்களோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த ஒருத்திக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நாம் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஆனால் அதே அறிக்கை ஆண்டுக்கு இரண்டு போர்க்கப்பல்கள் கட்ட வேண்டும் என்றும் சொன்னது. அதே மாநாடு, மிசிசிப்பி, புளோரிடா போன்ற தென் மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பினப் பிரதிநிதிகளை வெளியே நிறுத்தியது. இன சமத்துவம் குறித்து டு பாய்ஸ் எழுதிக் கொடுத்த தீர்மானமும் ஏற்கப்படவில்லை.

'மெக்ளூர்ஸ்' கட்டுரையில், அந்த இரண்டு கப்பல்களை விழுங்குவது தனக்கு மிகவும் கடினமாக இருந்தது என்று ஆடம்ஸ் ஒப்புக்கொள்கிறார். 'கிரைசிஸ்' கட்டுரையில், அடிமை ஒழிப்பை ஆதரித்த தன் தந்தை இப்படியொரு மாநாட்டில் உட்கார்ந்திருப்பாரா என்று தன்னையே கேட்டுக்கொள்கிறார். கேள்வி நேர்மையானதுதான். ஆனாலும் அவர் எழுந்து போகவில்லை. கப்பல்கள் ஒரு தனி வருத்தமாகவும் கறுப்பினப் பிரதிநிதிகள் இன்னொரு தனி வருத்தமாகவும், வெவ்வேறு வாசகர்களிடம் இறக்கி வைக்கப்படுகின்றன. இரண்டும் ஒரே பேரத்தின் விலை என்பது எங்கும் சொல்லப்படவில்லை.

இந்தப் பழக்கம் 1912இல் தொடங்கியதல்ல. 1901இல் ஆடம்ஸ் கும்பல் கொலைகளைக் கண்டித்து எழுதியபோது, கொல்லப்பட்டவர்கள் குற்றம் செய்தவர்களே என்று வாதத்துக்காக ஏற்றுக்கொண்டு எழுதினார். சில மாதங்களில் ஐடா பி. வெல்ஸ் பதில் எழுதினார். அதில் கோபக் கூச்சல் இல்லை. 'சிகாகோ ட்ரிப்யூன்' வெளியிட்ட எண்ணிக்கைகளையே எடுத்து வைத்து, கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் மீது பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டுகூட இல்லை என்று காட்டினார். நல்லெண்ணத்தோடு விட்டுக்கொடுத்த அந்த ஒரு வரிதான் கொலைக்கு நியாயம் தருகிறது என்பது வெல்ஸின் வாதம். என் கணக்கில், ஆடம்ஸைப் பற்றி எழுதப்பட்ட விமர்சனங்களில் இதைவிடக் கூர்மையானது இல்லை. அதை நட்போடு எழுதியிருக்கிறார் என்பதும் முக்கியம்.

ஆடம்ஸின் வாக்குரிமை வாதத்துக்கு வருவோம். 1910இல் அவர் எழுதியது இதுதான்: நகரம் என்பது பெரிய வீடு. குடிநீர், பால், குப்பை எல்லாம் இப்போது நகராட்சியின் கையில் இருப்பதால், வீட்டைப் பராமரிக்கும் பெண்ணுக்கு வாக்கும் வேண்டும். அவர் வெறுமனே எழுதியவர் அல்ல. 1895இல் தன் வார்டின் குப்பை அகற்றும் பணிக்கு ஆய்வாளராகி, விடியற்காலையில் வண்டிகளின் பின்னால் நடந்தவர். ஆனால் 'வீட்டை ஒழுங்குபடுத்துவது' என்ற சொல்லாடல் யார் வீடு என்று கேட்பதில்லை. 1904இல் ரூஸ்வெல்ட், அண்டை நாடுகள் ஒழுங்கு தவறினால் அமெரிக்கா போலீஸ் வேலை பார்க்கும் என்று அறிவித்தபோதும் தொனி இதுவேதான்.

1915 ஜூலை 28 அன்று அமெரிக்கக் கடற்படை வீரர்கள் ஹெய்ட்டியில் இறங்கினார்கள். சாலை, மருத்துவமனை, சுகாதாரம், திறமையான நிர்வாகம் என்று முற்போக்குக் காலத்தின் சொற்கள் அத்தனையும் அங்கே போயின. சாலை போட விவசாயிகள் கட்டாய உழைப்புக்கு இழுத்துவரப்பட்டார்கள். அந்நியர் நிலம் வாங்கக் கூடாது என்றிருந்த பழைய தடையை 1918இன் அரசியலமைப்பு நீக்கியது. மாநாட்டுக் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களையும் ஆண்டுக்கு இரண்டு கப்பல்களையும் தனித்தனியாக நினைத்தவர்களுக்கு, கறுப்பின மக்கள் ஆண்ட ஒரு குடியரசின் துறைமுகத்தில் இரண்டும் சேர்ந்தே வந்து நின்றன.

அந்த ஆண்டு ஆடம்ஸ் சும்மா இருக்கவில்லை. ஏப்ரலில் ஹேக் நகரில் போருக்கு எதிராகக் கூடிய பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். துப்பாக்கிமுனைக் கத்தியோடு பாய்வதற்கு முன் வீரர்களுக்குப் போதை தரப்பட்டது என்று ஜூலையில் பேசியதற்காகப் பத்திரிகைகள் அவரைக் கிழித்தன. அவர் வழிமொழிந்த ரூஸ்வெல்ட்டே அமைதிக்காகப் போராடும் பெண்களை இழிவாகத் திட்டினார். 1916இல் அதே ரூஸ்வெல்ட் தன் கட்சி கொடுத்த வேட்பாளர் பதவியை மறுத்து, குடியரசுக் கட்சிக்காரரை ஆதரிக்கப் போனார். கட்சி கலைந்தது. கப்பல்களை விழுங்கி வாங்கிய அறிக்கையை நிறைவேற்ற ஆளில்லை. பெண்களுக்கு 1920இல் வந்த வாக்குரிமை வேறு போராட்டங்களின் வழியே வந்தது. தென் மாநிலங்களின் கறுப்பினப் பெண்களில் பெரும்பாலோருக்கு அதுவும் காகிதத்தில்தான்.

ஹெய்ட்டிக்கு ஆறு பேர் கொண்ட ஒரு குழு 1926இல் போனது. அனுப்பியது ஆடம்ஸ் தலைமையிலான பெண்கள் சர்வதேச அமைதி அமைப்பின் அமெரிக்கக் கிளை. எமிலி பால்ச் தொகுத்து 1927இல் வெளிவந்த அதன் அறிக்கை, ஆக்கிரமிப்பை முடித்து ஹெய்ட்டியின் சுதந்திரத்தைத் திருப்பித் தரச் சொன்னது. குழுவில் ஐந்து பெண்கள். அவர்களில் இருவர், அடி ஹன்ட்டனும் சார்லட் அட்வுட்டும், கறுப்பினப் பெண்கள். கடைசி அமெரிக்க வீரர்கள் அங்கிருந்து கிளம்ப 1934 ஆனது.